பிறந்த தோட்டத்துக்குப் போவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். இப்போது ஊட்டியில் ஆசிரியை. என் அம்மா இலங்கையில் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவர். 1974-ல் பதின்மூன்று வயதில் தாத்தா பாட்டியோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு மலையேறினார்கள். அம்மாவின் அக்காவுக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. மாமா வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிக்கொடுத்திருந்ததால் பெரியம்மா அங்கேயே நின்றுவிட்டார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. போன வருடம் பெரியம்மாவின் பேரன் முகநூலில் எங்களைத் தேடிப் பிடித்தான். இப்போது அக்காவும் தங்கையும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். பேச்சைவிட அழுகைதான் அதிகம்.

வரும் டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் எல்லோரும் போகலாம் என்று நினைக்கிறோம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “இடிஞ்ச லயத்தப் பாக்க இவ்வளவு செலவா? அந்தக் காசுக்கு மாடி எடுக்கலாம்” என்கிறான். பிள்ளைகள் ஒன்பது வளைவுப் பாலம், கடற்கரை என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். அம்மா வாயைத் திறக்கவில்லை. ஆனால் பீரோவிலிருந்து புதுச் சேலைகளை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறார். என் பயம் இதுதான்: அந்த வீடு இல்லாமல் போயிருந்தால் அம்மா தாங்குவாரா? நீங்கள் குடும்பத்தோடு போய்வந்ததை எழுதியிருந்தீர்கள். போகலாமா? எப்படிப் போவது?

இப்படிக்கு,
உங்கள் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். பெரியம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற வயதில்லை அது.

வீடு இருக்குமா என்று கேட்டீர்கள். இல்லாமல் போயிருக்க நிறையக் காரணம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்து லயங்கள் இன்னும் பல தோட்டங்களில் நிற்கின்றன. சில இடங்களில் அவற்றிலிருந்தவர்களுக்கு ஏழு பேர்ச் (ஏறக்குறைய நாலரை சென்ட்) நிலத்தில் தனி வீடு கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அதில் இந்திய அரசின் வீடமைப்புத் திட்டமும் உண்டு. முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017-ல் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி அறிவித்த 10,000 வீடுகள். தலவாக்கலையே அம்மாவுக்குப் பிடிபடாது. மேல் கொத்மலை மின்திட்டத்துக்காக ஊரின் ஓரத்தில் ஆற்றை மறித்துவிட்டார்கள், 2012 முதல் அங்கே ஒரு நீர்த்தேக்கம் கிடக்கிறது. சென்கிளையர் அருவியில் அந்தக் காலத்துத் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டாம். போதாததற்கு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவில் லயங்களும் போயின, உயிர்களும் போயின. லயம் நிற்கிறதா என்று பேரனிடம் இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் அதை இங்கேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அங்கே போய் நின்று தெரிந்துகொள்வதுதான் கொடுமை.

ஆனால் அம்மா தாங்கமாட்டார் என்று நீங்கள் பயப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் ‘எங்க வீடு’ என்று சொல்லும் அந்தக் காம்பரா, அந்த லயத்து அறை, ஒருநாளும் அவர்களுடையதாக இருந்ததில்லை. முதலில் கம்பெனிக்குச் சொந்தம். 1972, 75 நிலச்சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பின் அரசுக்குச் சொந்தம். 1992-லிருந்து மறுபடி கம்பெனிகளின் நிர்வாகம். பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் இடத்தில்) பேர் இருக்கிறவரை தலைக்கு மேல் கூரை, அவ்வளவுதான். தோட்ட வீட்டில் வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிலோனிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் ஆரம்பித்தது, அதுதான் பிற்பாடு டான்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. 2022-ல் அதன் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானபோது கூடலூர், பந்தலூர்ப் பக்கம் எத்தனை வீடுகளில் தூக்கம் போனது என்று உங்களுக்கே தெரியும். ஒரு சுவர் நமக்கு நிரந்தரம் என்று நம்பி வளர்ந்த தலைமுறை இல்லை அது. சுவர் இல்லை என்றால் “அதானே” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை விசாரிப்பார்கள்.

எங்கள் அம்மாவை அழைத்துப்போனபோது லயத்தின் முன்னால் படம் எடுக்கத் தயாராக நின்றோம். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு இறங்கிப் போனார். யார் குடம் முதலில், யார் குடம் அடுத்து, எதற்காக ஒருநாள் அங்கே தலைமயிரைப் பிடித்துச் சண்டை வந்தது என்று ஒரு கதை. கூட நின்ற கிழவி ஒருத்தி பாதியில் மறித்து, சண்டையை ஆரம்பித்தது உங்கம்மாதான் என்று திருத்தினாள். அந்தப் பயணத்துக்குச் செலவழித்த காசு அந்த இடத்திலேயே ஈடாகிவிட்டது.

அதனால் நாட்களை ஆட்களுக்குக் கொடுங்கள். விடுமுறையில் பாதிக்கு மேல் பெரியம்மாவின் தோட்டத்தில் இருக்கட்டும். ஒரு ராத்திரியாவது அவர் வீட்டிலேயே படுங்கள், இடம் பற்றாது, பரவாயில்லை. மற்ற நாட்களுக்கு அறை எடுங்கள், ஏழெட்டுப் பேரை வைத்து ஆக்கிப்போடுவது அவர்களுக்குச் சுமை. பழைய காம்பரா நின்றால் அதில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கும். அவர்கள் அடுப்படியைப் பிள்ளைகள் செல்போனில் பிடிக்கக் கூடாது. “இதுலயா பாட்டி இருந்தீங்க” என்று மூக்கைச் சுளிக்கவும் கூடாது. இதை இங்கேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

இறந்தவர்களைப் புதைத்த இடம் தேயிலைக்குள்தான் எங்கேயாவது இருக்கும். கல் இருந்தால் அதிர்ஷ்டம். மறுநடவில் செடி மாறியிருந்தால் வயசாளி யாராவது கைகாட்டினால்தான் உண்டு. முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. அங்கே போனால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு கேள்வி வரும். நேராகக் கேட்கமாட்டார்கள். “அங்கிட்டு சம்பளம் எவ்வளவு?”, “வீடு சொந்தமா?”, “பிள்ளைங்க என்ன படிக்குது?” என்று சுற்றிச் சுற்றி வரும். கேட்பது ஒன்றுதான்: போனவர்கள் பிழைத்தார்களா, நின்றவர்கள் பிழைத்தார்களா? உங்கள் அண்ணன் மாடியைக் காட்டிப் போடுவதும் ஒருவகையில் அதே கணக்குத்தான்.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் வேறு யாரோ. இலங்கையின் 1948 சட்டத்தில் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை போனது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்ப்போம் என்று வைத்து, 1974-ல் சரிபாதியாக வெட்டிக்கொண்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனது ஒரு விண்ணப்பத் தாளில். உங்கள் தாத்தா கிளம்பிய வருடத்தையும் பாருங்கள். 1973, 74-ல் தோட்டங்களில் பட்டினி. அரிசி, மாவு கிடைக்காமல் ஆட்கள் செத்த நேரம். அந்த வயிறுதான் பல பேருக்குக் கப்பலைக் காட்டியது.

வந்தவர்களுக்கு இங்கே விரித்துவைத்த பாய் ஒன்றும் இல்லை. அரசு கொடுத்த வியாபாரக் கடனில் தரகர்கள் கைவைத்தார்கள். ஊர் தெரியாமல் சமவெளியில் இறக்கிவிடப்பட்டவர்கள், தெரிந்தது தேயிலை ஒன்றுதான் என்று தாங்களாகவே கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் ஏறிவந்து உருளைக்கிழங்குக் காட்டில் கூலிக்கு நின்றார்கள். ‘சிலோன்காரன்’ என்ற பெயர் பேரன் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. அங்கேயே நின்றவர்கள் 1977 கலவரத்தையும் 83 கலவரத்தையும் பார்த்தார்கள். நாடற்றவர்கள் என்ற நிலை அங்கே சட்டப்படி தீர 2003 ஆனது. ஒருநாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டு வருடக்கணக்கில் தெருவில் நின்று 2021-ல்தான் வாங்கினார்கள். அதே லயங்களிலிருந்து ஆசிரியர்களும் வக்கீல்களும் வந்திருக்கிறார்கள் என்பதையும் பார்ப்பீர்கள்.

இதில் எந்தப் பக்கத்தைத் தூக்கிப் பேசினாலும் ஒரு அக்காவுக்கோ தங்கைக்கோ வலிக்கும். என் கருத்து, சம்பளத்தை உள்ளபடி சொல்லுங்கள், கடனையும் சேர்த்துச் சொல்லுங்கள். வங்கித் தவணை, மருந்துச் செலவு, தோட்ட வீட்டைக் காலி செய்த கதை எல்லாம் வெளியே வந்தால் பேச்சு சமமாகிவிடும். சும்மா பெருமை அடித்துவிட்டு வந்தால் அடுத்த வாட்ஸ்அப் அழைப்பு கொஞ்சம் தாமதமாக வரும்.

பிள்ளைகள் விஷயம். பாலம் பார்க்கட்டும், 1921-ல் கட்டியது, நன்றாகத்தான் இருக்கும். ஒருநாள் அது இருக்கும் எல்ல ஊருக்கு ஒதுக்குங்கள். புயலில் ரயில் பாதை பல இடத்தில் பெயர்ந்தது, எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கடற்கரையை என்னைக் கேட்டால் விட்டுவிடலாம், ராமேஸ்வரத்தில் இல்லாத கடலா? அதற்குப் பதில் போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தை விரித்து, தலைமன்னாரிலிருந்து கப்பல் வந்த வழியைப் பாட்டியையே காட்டச் சொல்லுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்ததையும், 1984-ல் அதுவும் நின்றதையும் அவரே சொல்லுவார்.

வழி சுருக்கமாக: நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலை டிசம்பரில் நம்பாதீர்கள், வடகிழக்குப் பருவமழையில் நிறுத்திவிடுவார்கள். கரை சேர்ந்தாலும் மலைக்கு இன்னொரு நாள். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக வேன். டிசம்பர் பௌர்ணமியில் சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் தொடங்குவதால் ஹட்டனில் சனி ஞாயிறு கூட்டம் நெரியும். குளிர் நம் குளிர்தான், நுவரெலியா 1,868 மீட்டர், குன்னூர் உயரம். மழை மட்டும் நம்மூர் மாதிரியே பக்கத்துக்குப் பக்கம் மாறும். கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழை, கூடலூருக்கு ஆனி ஆடி மழை அல்லவா? அங்கே பதுளைப் பக்கம் கோத்தகிரி ஜாதி, ஹட்டன் பக்கம் கூடலூர் ஜாதி. எல்லவுக்குக் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலை சரி. கூடவே வர்க்கி வாங்கிப் போங்கள், கெடாது. தேயிலைத்தூள் வேண்டாம் என்று சிரிப்பார்கள், அதையும் ஒரு கிலோ கொண்டு போங்கள். இரண்டு நாட்டிலும் தோட்டத்து ஆட்கள் குடிப்பது டஸ்ட் தூள்தான் என்பது ஒரே வாயில் தெரிந்துவிடும்.

அண்ணனையும் எப்படியாவது இழுத்துப்போங்கள். பெரியம்மா முதலில் கேட்கப்போவது ‘மூத்தவன் எங்க’ என்றுதான்.

கடைசியாக, அவசரமான வேலை. அம்மாவுக்குப் பாஸ்போர்ட் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். பிறந்த இடம் இலங்கை என்பதால் குடியுரிமைக்கு ஆதாரம் கேட்க வாய்ப்பு உண்டு. பதின்மூன்று வயதில் வந்தவர் என்பதால் அவர் பெயர் தாத்தாவின் தாள்களில்தான் இருக்கும். பழைய பயண ஆவணம், அப்போது கொடுத்த குடும்ப அட்டை, குடியுரிமைப் பதிவுச் சான்று மூன்றையும் டிரங்குப் பெட்டியில் தேடி எடுங்கள். தோட்டத்தின் சர்க்கார் பெயரும் அதில் இருக்கும், அங்கே வேன் ஓட்டுநருக்குச் சொல்ல அது வேண்டும். ஆதாரில் பெயர் வேறு எழுத்தில் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், அதற்கே ஒரு மாதம் ஓடிவிடும்.

அன்புடன்,
அண்ணன்