எம்ஜிபி என்ஜினுக்கு எந்த கேம்ஷாஃப்ட்?

கேள்வி: என்னிடம் 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் கார் இருக்கிறது. என்ஜினை முழுவதும் பிரித்துவிட்டேன், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் மேடுகள் கொண்ட தண்டு) தேய்ந்திருக்கிறது. ஹெட், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்கள் எல்லாம் பழையவைதான். சாலையில் மட்டுமே ஓட்டுகிறேன். 285 டிகிரி கேம்ஷாஃப்ட் போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் 1798 சிசி என்ஜினின் அசல் கேம்ஷாஃப்ட், கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வை கிராங்க்ஷாஃப்ட் சுழற்சியில் 252 டிகிரிக்குத் திறந்து வைக்கிறது. அதை நீட்டினால் வால்வு தாமதமாக மூடும்; குறைந்த ஆர்பிஎம்மில் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பி வெளியேறும். ஊருக்குள் ஓட்டும்போது இழுவை குறையும், ஐட்லிங் தடுமாறும். கம்ப்ரெஷனை உயர்த்தாமல் இந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

இந்த என்ஜினுக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. இதில் இரண்டிரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட் வழி. எரிவரிசை 1-3-4-2 என்பதால், மூன்றாவது உறிஞ்சி முடிக்கும் முன்பே நான்காவது தொடங்கிவிடும். இரண்டும் ஒன்றும் அப்படியே. ஒரே இளநீரில் இருவர் ஸ்ட்ரா போட்டது போலத்தான். அசல் கேம்ஷாஃப்டில் இந்த இரு சிலிண்டர்களின் இன்லெட் வால்வுகளும் சேர்ந்து திறந்திருப்பது 72 டிகிரி. 285 போட்டால் அது 105 ஆகும். பங்கீடு இன்னும் கெடும்.

ஆகவே அசல் அளவு, அல்லது 270 டிகிரியை ஒட்டிய மிதமான ரகம் போதும். கூடுதல் சக்தி வேண்டுமென்றால் முதலில் ஹெட்டைச் செப்பனிடுங்கள். செலவிட்ட பணத்துக்கு அதில்தான் பலன் அதிகம்.

எதை வாங்கினாலும் டேப்பட்டுகள் (தண்டிலுள்ள மேடுகளான கேம்கள் தள்ளும் துண்டுகள்) புதிதாக இருக்கட்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது: பழைய டேப்பட் புதிய கேமைச் சீக்கிரமே தின்றுவிடும். வால்வு ஸ்பிரிங்குகள் கேம் தயாரிப்பாளர் சொன்னவையாகவே இருக்கட்டும். தேவைக்கு மேல் கடினமானவை தேய்மானத்தைத்தான் கூட்டும். செயின் சக்கரக் குறிகளை மட்டும் நம்பாமல் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) வைத்து டைமிங்கைச் சரிபாருங்கள். பிசகு இருந்தால் ஆஃப்செட் சாவி (சக்கரத்தைத் தண்டில் சற்றே தள்ளிப் பொருத்தும் ஆப்பு) போட்டுத் திருத்தலாம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் கேம்களிலும் டேப்பட் அடியிலும் அசெம்ப்ளி பசையைத் தாராளமாகப் பூசுங்கள். இக்னிஷனைச் சரியாக வைத்து, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். வீணாகச் சுற்றவிட்டால் பசை வழிந்துவிடும். ஓடத் தொடங்கியதும் ஐட்லிங்கில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் என்ஜினை ஓடவிடுங்கள். கேமுக்கு எண்ணெய் தெறித்தே போய்ச் சேருகிறது. வேகம் குறைந்தால் அது போதாது. துத்தநாகச் சேர்மம் போதிய அளவு உள்ள 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றி, இந்த ஓட்டம் முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.