காலை 5 மணிக்கு கீசர் ஏன் ஆன் ஆகவில்லை?

கேள்வி: குளியலறை கீசரை ஸ்மார்ட் பிளக்கில் போட்டிருக்கிறோம். காலை 5 மணிக்கு ஆன், 5:30க்கு ஆஃப் என்று ஷெட்யூல் வைத்திருக்கிறேன். வாரத்தில் ஓரிரு நாள் ஆன் ஆவதே இல்லை. போன வாரம் ஒரு நாள் ஆன் ஆகி, 8 மணி வரை ஓடிக்கொண்டே இருந்தது. ஆப்பில் கையால் தட்டினால் மட்டும் உடனே வேலை செய்கிறது. பிளக்கை மாற்ற வேண்டுமா? தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் இதே மாதிரி போடலாமா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பிளக்கை மாற்ற அவசரப்படாதீர்கள். தட்டினால் வேலை செய்கிறது என்றால் ரிலே, அதாவது பிளக்குக்குள் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச், பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆன் ஆகாத நாள்களைவிட, ஆஃப் ஆகாமல் போன அந்த ஒரு நாள்தான் எனக்குக் கவலை தருகிறது. அதையே முதலில் பார்ப்போம்.

அன்று விடியற்காலையில் கரண்ட் போய் வந்ததா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 5 மணிக்கு கீசர் ஆன் ஆகிறது. 5:20க்கு கரண்ட் போகிறது, 5:40க்கு வருகிறது. ஆஃப் ஆக வேண்டிய 5:30 மணிக்கு பிளக்குக்கே உயிர் இல்லை. கரண்ட் வந்ததும் பிளக் தன் பழைய நிலையைப் பார்க்கிறது. கடைசியாக ஆனில் இருந்ததால் மறுபடி ஆன் ஆகிறது. தவறிப்போன 5:30 கட்டளையை அது தேடிப் பிடித்துச் செய்யாது, அடுத்த ஆஃப் மறுநாள் 5:30க்குத்தான். கீசருக்குள் தெர்மோஸ்டாட் இருப்பதால் தண்ணீர் சூடானதும் அதுவாகவே நிற்கும். ஆனால் சூடு குறையும்போதெல்லாம் மறுபடி ஓடும். காலை முழுக்க வீண் செலவு. தெர்மோஸ்டாட் பழுதாகியிருந்தால் ஆபத்தும் கூட.

இதற்கு ஆப்பில் ஒரு செட்டிங் இருக்கும். கரண்ட் திரும்பி வந்ததும் பிளக் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்கும்: ஆன், ஆஃப், அல்லது பழைய நிலை. கீசர், அயர்ன் பாக்ஸ் போல சூடாகும் எதுவானாலும் 'ஆஃப்' என்று வைத்துவிடுங்கள். அப்புறம் ஆஃப் ஷெட்யூலை 5:30க்கு மட்டும் வைக்காமல் 5:40, 6:00, 7:00 என்று மேலும் சில போட்டு வையுங்கள். ஏற்கெனவே ஆஃபில் இருக்கும் பிளக்குக்கு இன்னொரு ஆஃப் போனால் எந்தக் கெடுதலும் இல்லை. சில பிளக்குகளில் ஆன் ஆன இத்தனை நிமிடத்தில் தானாக ஆஃப் ஆகும் வசதியும் உண்டு. சோனாஃப் போன்ற பிராண்டுகளில் அதன் பெயர் 'இன்ச்சிங்'. உங்கள் பிளக்கில் இருந்தால் அதையும் போடுங்கள்.

சரி, ஆன் ஆகாத நாள்களுக்கு வருவோம். ஷெட்யூல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சில பிளக்குகள் ஷெட்யூலைத் தமக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளும். சிலவற்றில் அது கம்பெனியின் சர்வரில் இருக்கும், நேரம் வந்ததும் அங்கிருந்து இன்டர்நெட் வழியாகக் கட்டளை வரும். அலெக்ஸா ரொட்டீனில் (தானாக நடக்கும்படி அலெக்ஸாவில் வைக்கும் கட்டளை) நேரம் வைத்திருந்தால் அதுவும் அமேசான் சர்வரிலிருந்துதான் ஓடுகிறது. அந்த ஒரு நிமிடம் நெட் இல்லையென்றால் அன்றைக்கு வெந்நீர் இல்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். பிளக்கின் ஆப்பிலேயே ஐந்து நிமிடம் கழித்து ஆன் ஆகும்படி ஒரு ஷெட்யூல் போடுங்கள். ஒரு நிமிடம் விட்டு ரவுட்டரை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். ஆன் ஆனால் ஷெட்யூல் பிளக்குக்குள் இருக்கிறது. ஆகாவிட்டால் சர்வரை நம்பித்தான் ஓடுகிறது. அடுத்து இன்னொரு சோதனை: மறுபடி அதேபோல் ஷெட்யூல் போட்டு, ரவுட்டரை அணைத்து, பிளக்கையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். முதல் சோதனையில் தேறிய பிளக்கும் இதில் பெரும்பாலும் தோற்கும். இந்த பிளக்குகளில் பொதுவாகக் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் மணி என்னவென்பதே மறந்துவிடும், வைஃபை கிடைத்து இன்டர்நெட்டில் நேரம் கேட்டுக்கொண்ட பிறகுதான் ஷெட்யூல் ஓடும்.

உங்கள் பிரச்சினைக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கரண்ட் வந்ததும் பிளக் சில நொடிகளில் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் எழுந்து நெட் வர சில நிமிடம் ஆகும். 4:58க்கு கரண்ட் வந்தால் 5 மணிக்குள் பிளக்குக்கு நேரம் தெரிந்திருக்காது. ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனிலோ சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்ஸிலோ போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். இரண்டுக்கும் 12 வோல்ட் அடாப்டர்தானா என்று பார்த்து வாங்குங்கள். கூடவே 5:10க்கு இன்னொரு ஆன் ஷெட்யூலும் போடுங்கள்.

கரண்ட் போகாத நாளிலும் ஆன் ஆகவில்லையா? அப்படியானால் ஆப்பின் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். 5 மணிக்கு ஆன் ஆனதாகப் பதிவு இருந்தும் தண்ணீர் சூடாகவில்லை என்றால் சுவரில் உள்ள சுவிட்ச், எம்சிபி (ஓவர்லோடானால் தானாக விழும் சுவிட்ச்), கீசர் பக்கம் தேடுங்கள். பிளக் ஆஃப்லைன் என்று இருந்தால் வைஃபை. பெரும்பாலான பிளக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும், குளியலறைச் சுவரைத் தாண்டி சிக்னல் பலவீனமாக வரலாம். பதிவே இல்லையென்றால் கிழமைகளைச் சரிபாருங்கள். கிழமை எதுவும் தேர்வு செய்யாத ஷெட்யூல் பல ஆப்களில் ஒருமுறை ஓடியதும் முடிந்துவிடும். வீட்டில் வேறு யாராவது தம் போனிலோ அலெக்ஸாவிலோ 5:05க்கு ஓர் ஆஃப் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

நேரம் தவறி ஆன் ஆகிறது என்றால் டைம் ஸோனைப் பாருங்கள். 5 மணி ஷெட்யூல் 10:30க்கு ஓடினால் பிளக் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது. விடியற்காலை 2:30க்கு ஓடினால் சீன நேரத்தில் இருக்கிறது. ஆப்பில் வீட்டின் இருப்பிடத்தை இந்தியா என்று திருத்துங்கள்.

பிளக்கின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா, 16 என்றா என்றும் பாருங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13. கீசருக்கு 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும். ஓடி முடித்ததும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, கருகிய வாடை, சாக்கெட்டில் செருகும் உலோகப் பின்கள் பழுப்பாகியிருப்பது என்று எது தெரிந்தாலும் அன்றே கழற்றிவிடுங்கள்.

மோட்டாரை இந்த பிளக்கில் நேரடியாகப் போட வேண்டாம். கிளம்பும் நொடியில் மோட்டார் வழக்கமான கரண்ட்டைப் போல் பல மடங்கு இழுக்கும், ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஆப்பில் ஆஃப் காட்டினாலும் மோட்டார் நிற்காது. ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சை பட்டனை அழுத்தி ஓட்டும் மோட்டார் என்றால் பிளக் ஆன் ஆனாலும் அது கிளம்பாது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு கான்டாக்டர் (மோட்டாரின் கரண்ட்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) போட்டு, அதை இழுத்து ஆன் செய்யும் காயிலை மட்டும் ஸ்மார்ட் பிளக் இயக்கும்படி செய்யுங்கள். மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும், தொட்டி நிறைந்ததும் நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.