வைத்தாங்கி ஒப்பந்தமும் மாவோரி நிலமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் 1840-இல் வைத்தாங்கி ஒப்பந்தத்தில் தாங்களாகவே கையெழுத்துப் போட்டுத்தானே நாட்டை ஆங்கிலேயரிடம் கொடுத்தார்கள்? அப்புறம் ஏன் சண்டை?

பதில்: எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாருங்கள். 500-க்கும் மேற்பட்ட தலைவர்களில் மிகப் பெரும்பாலோர் கையெழுத்திட்டது மாவோரி மொழிப் பிரதியில். ஆங்கிலப் பிரதி இறையாண்மை முழுவதையும் பிரிட்டிஷ் ராணிக்குக் கொடுக்கிறது. மாவோரி பிரதியில் அந்த இடத்தில் இருப்பது 'காவனதங்கா', அதாவது ஆளுநர் நடத்தும் நிர்வாகம். அடுத்த பிரிவிலேயே, நிலத்தின் மீதும் ஊர்களின் மீதும் முழுத் தலைமை உங்களுக்கே என்று உறுதி தருகிறது. இப்படிப் படித்தவர்கள் நாட்டைக் கொடுத்ததாக எப்படி நினைத்திருப்பார்கள்?

கேள்வி: அங்கே இருந்த வெள்ளையர் யாருக்கும் இது உறுத்தவில்லையா?

பதில்: உறுத்தியது. கிறித்தவ மிஷன் அச்சகத்தை நடத்திய வில்லியம் கொலென்சோ, கையெழுத்து நாளான பிப்ரவரி 6 அன்றே, தலைவர்களுக்கு இது புரிந்திருக்கிறதா என்று, பிரிட்டிஷ் அரசின் சார்பில் ஒப்பந்தம் செய்ய வந்த ஹாப்சனிடம் நேரில் கேட்டார். ஆனாலும் கையெழுத்து நிற்கவில்லை. (தமிழ் எழுத்து பொறித்த கப்பல் மணி ஒன்றில் மாவோரிகள் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டவரும் இதே கொலென்சோதான்.)

கேள்வி: நிலம் போனது போரிலா, சட்டத்திலா?

பதில்: இரண்டிலும். நில விற்பனையைத் தடுக்க 1858-இல் மாவோரிகள் தங்களுக்கென ஓர் அரசரை ஏற்றார்கள். 1863 ஜூலையில் ஆளுநர் கிரேயின் படை அந்த அரசரின் ஆதரவாளர்கள் வாழ்ந்த வைக்காட்டோ பகுதிக்குள் நுழைந்தது. அதே ஆண்டு வந்த சட்டத்தைக் கொண்டு அங்கே சுமார் 12 லட்சம் ஏக்கரைப் பறித்தார்கள். ஆயுதம் எடுக்காதவர்களின் நிலமும் அதில் போயிற்று.

கேள்வி: ஆயுதமில்லாமல் எதிர்த்தவர்கள் உண்டா?

பதில்: பரிஹாகா என்ற மாவோரி ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. தே விட்டி, தோஹு என்ற இரு தலைவர்களின் சொல்படி, பறிபோன நிலத்தில் 1879-இல் மக்கள் ஏர் ஓட்டினார்கள். ஒருவரைக் கைது செய்து கொண்டுபோனால் அடுத்த ஆள் ஏரைப் பிடிப்பார். நூற்றுக்கணக்கானோர் விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்தார்கள். 1881 நவம்பர் 5 அன்று சுமார் 1,600 ஆயுதப் படையினர் ஊரைச் சூழ்ந்தபோது எதிரே வந்தவர்கள் பாட்டுப் பாடிய குழந்தைகள். படையினருக்கு ரொட்டியும் கொடுத்தார்கள். பிறகு தலைவர்களைக் கைது செய்தார்கள், வீடுகளை இடித்தார்கள், பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கேள்வி: எதாவது திரும்பக் கிடைத்ததா சார்?

பதில்: கொஞ்சம். 1975-இல், ஒப்பந்த மீறல்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம் வந்தது. 1840 வரை பின்னோக்கி விசாரிக்க 1985-இல்தான் அதற்கு அதிகாரம் கிடைத்தது. 1995-இல் வைக்காட்டோ மக்களுக்கு 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பில் நிலமும் பணமும் தந்தார்கள். மன்னிப்பு அடங்கிய சட்டத்தில் ராணி எலிசபெத் நேரில் கையெழுத்திட்டார். இழந்ததோடு ஒப்பிட்டால் அது சிறு துளிதான். பரிஹாகாவிடம் அரசு மன்னிப்புக் கேட்டது 2017-இல். அதற்குள் 136 ஆண்டுகள் ஓடிவிட்டன.