கேள்வி – பதில்: ஏழு ஆங்கெரான்கள்

கேள்வி: பிரான்சின் கூசி பிரபு குடும்பத்துக்குக் கொடிவழி வரைகிறேன். ஆங்கெரான் என்று ஏழு பேர் வருகிறார்கள். வரிசையாகத் தந்தை, மகன் என்று கோடு போடலாமா?

பதில்: போட்டால் தப்பு. அடுத்தடுத்த எண்களில் தந்தையிடமிருந்து நேராக மகன் கைக்குக் கூசி போனது ஆறாமவரிடமிருந்து ஏழாமவருக்கு மட்டும்தான். முதலாமவருக்குப் பின் தொமா (இறப்பு 1130), இரண்டாமவருக்குப் பின் முதல் ராவுல் (1191, இன்றைய இஸ்ரேலின் ஏக்கர் நகரில்), மூன்றாமவருக்குப் பின் இரண்டாம் ராவுல் (1250, எகிப்தில் மன்சூரா), ஐந்தாமவருக்குப் பின் கியோம் (1335) என்று நான்கு பேர் இடையில் நிற்கிறார்கள். ஆக மொத்தம் பதினொரு தலைவர்கள். நான்காம் ஆங்கெரான் தன் அண்ணன் ராவுலிடமிருந்து பட்டம் பெற்றவர்.

பெரும்பாலோர் சறுக்குவது 1311இல். நான்காமவர் பிள்ளையில்லாமல் இறந்தார். அவர் அக்காளோ தங்கையோ, உடன்பிறந்த அலிக்ஸ் கீன் நாட்டுக் கவுண்ட் ஆர்னூவை மணந்திருந்தார். அவர்கள் மகன்தான் ஐந்தாமவர், அதாவது நான்காமவரின் உடன்பிறந்தாள் மகன். கூசி என்ற பெயரையும் கேடயச் சின்னத்தையும் தாய்வழியில் எடுத்துக்கொண்டார். உங்கள் தாளில் அந்த இடத்தில் கோடு அலிக்ஸ் வழியாக இறங்க வேண்டும்.

முத்திரைகளைப் பார்ப்பதானால்: கேடயத்தில் ஆறு கிடைப்பட்டைகள். ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பு. மற்றவற்றில் நீலமும் வெள்ளையுமாக, அணில் தோல்களை ஒட்டுப்போட்டுத் தைத்தது போன்ற மணி வடிவங்கள். மெழுகில் நிறம் தெரியாது, மணிகளைத்தான் தேட வேண்டும்.

கேள்வி: ஏழாமவர் இங்கிலாந்து மன்னரின் மருமகனாமே? பிறகு ஏன் வம்சம் அற்றுப்போனது?

பதில்: பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானின் மீட்புப்பணத்துக்குப் பிணையாக 1360இல் இங்கிலாந்து போனவர், 1365இல் மூன்றாம் எட்வர்டின் மகள் இசபெல்லாவை மணந்து மாப்பிள்ளையானார். பெட்ஃபோர்டு பிரபு பட்டமும் கிடைத்தது. மாமனார் 1377இல் கண்மூடியதும் ஆங்கிலப் பட்டங்களைத் துறந்துவிட்டார். மூத்த மகள் மரீ பிரான்சில், இளையவள் ஃபிலிப்பா இங்கிலாந்தில்; குடும்பமே கடலுக்கு இருபுறமும் பிரிந்தது. இரண்டாம் தாரத்துக்கும் ஒரு மகள்தான். 1396இல் நிக்கோபோலிஸ் போரில் துருக்கியரிடம் சிக்கி, மறு ஆண்டு பர்சாவில் சிறையிலேயே இறந்தார். முறைப்படி பிறந்த ஆண் வாரிசு இல்லை. சின்னம்மாவோடு சொத்து வழக்கு ஒருபுறமிருக்க, மரீ 1400இல் கூசியை ஓர்லேயான் டியூக் லூயிக்கு விற்றார். அந்த லூயியின் பேரன் 1498இல் பன்னிரண்டாம் லூயியாக அரியணை ஏறினார்; கூசியும் அரச சொத்தானது. "நான் அரசனல்ல, டியூக்கும் அல்ல, கூசியின் தலைவன்" என்று மார்தட்டிய குடும்பத்தின் சொத்து!

கேள்வி: கோட்டையைப் பார்க்க முடியுமா?

பதில்: இடிபாடுகளைப் பார்க்கலாம். மூன்றாமவர் கட்டிய, சுமார் 54 மீட்டர் உயரமும் 31 மீட்டர் விட்டமும் கொண்ட கோபுரத்தை ஜெர்மானியப் படை 1917 மார்ச்சில் 28 டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டது.