விதை நெல் கேட்டவருக்கு அரிசிப் பை: இணையதளக் கேள்வி-பதில்

மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, தூயமல்லி விற்கிறோம். கூகுளில் முதல் பக்கத்தில் வருகிறோம். ஆட்கள் வருகிறார்கள், ஆர்டர் வருவதில்லை. ஏன்?
*திருத்துறைப்பூண்டி வாசகர்*

உங்கள் மாப்பிள்ளை சம்பா பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தேன். இளவட்டக்கல் தூக்கிய மாப்பிள்ளை கதையில் தொடங்குகிறது. அப்புறம் சத்துகள், அப்புறம் வயல் படங்கள். விலையைத் தேடிக் கீழே கீழே போனால் கடைசியில் ‘தொடர்பு கொள்ளவும்’ என்று இருக்கிறது.

ஒரே நெல்லின் பெயரைத் தட்டினாலும் தேடுபவர்கள் எல்லோரும் ஒரே ஆள் இல்லை. ‘மாப்பிள்ளை சம்பா பயன்கள்’ என்று தேடுபவர் படிக்க வந்தவர். ‘5 கிலோ விலை’ என்று சேர்த்துத் தேடுபவர் வாங்க வந்தவர். ‘கஞ்சி செய்வது எப்படி’ என்பவர் வீட்டில் அரிசியை வாங்கி வைத்துவிட்டார். ‘விதை நெல்’ என்று தேடுபவர் விவசாயி. உங்கள் அரிசிப் பையை வைத்துக்கொண்டு அவர் நாற்றங்கால் போட முடியாது. இந்த நாலு பேரையும் ஒரே பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறீர்கள்.

கூகுள் சர்ச் கன்சோல் என்பது தள உரிமையாளர்களுக்குத் தேடல் கணக்கைக் காட்டும் கூகுளின் கருவி. இலவசம்தான். அதில் இந்த ஒரு பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தெந்தத் தேடலுக்கு உங்களைக் காட்டியிருக்கிறது, எதற்குக் கிளிக் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். 16 மாதத் தரவு கிடைக்கும். ஒரு முழு சம்பா பட்டம் அதற்குள் அடங்கிவிடும். ‘விதை’ என்ற சொல் நிறைய வந்திருந்தால், நீங்கள் விதையும் விற்பவராக இருந்தால், அதற்குத் தனிப் பக்கம் போடுங்கள். பயிரின் வயது, ஏக்கருக்கு எத்தனை கிலோ, முளைப்புத்திறன், எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மாப்பிள்ளை சம்பா ஏறக்குறைய 160 நாள் பயிர். பட்டம் தவறக் கூடாது என்று விவசாயி முன்னாலேயே தேடுவார். ஆகவே ஆனியிலேயே பக்கம் தயாராக வேண்டும். விதை விற்கவில்லையா? அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், அவர் நேரமாவது மிஞ்சும்.

அரிசிப் பக்கத்தில் எடை, விலை, அனுப்பும் செலவு, எத்தனை நாளில் வந்து சேரும் என்ற நான்கும் போனைத் திறந்ததும் தெரிய வேண்டும். இளவட்டக்கல் கதை நல்ல கதை, தூக்கிப் போட வேண்டாம். தனிக் கட்டுரையாக வைத்து, அடியில் அரிசிப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள்.

நவக்கிரகக் கோயில்களுக்கு வண்டி ஓட்டுகிறோம். ஆலங்குடி பற்றி நீளமாகத் தலவரலாறு எழுதியும் மேலே வரவில்லை.
*கும்பகோணம் வாசகர்*

எழுதும் முன் அதே சொல்லை நீங்களே ஒருமுறை தேடிப் பார்த்தீர்களா? ஆலங்குடி புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருக்கிறது. நீங்கள் சொல்வது திருவாரூர் மாவட்டத்துக் குரு ஸ்தலம். வெறும் ஊர்ப் பெயரைத் தட்டியவர் எதைக் கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ‘ஆலங்குடி குரு கோயில்’ என்று தேடினாலும் முடிவுகளில் மேப்பும் நடை திறக்கும் நேரமும் மேலே நின்றால், வருபவருக்கு அவசரம் அதுதான், தலவரலாறு இல்லை.

உங்களிடம் வண்டி கேட்பவர் மனதில் இருப்பது வேறு. ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? திங்களூரில் தொடங்கினால் திருநள்ளாற்றுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்? மதியம் நடை சாத்தும்போது எங்கே சாப்பிடுவது? வயதானவர்கள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்? வாடகையில் என்னென்ன சேரும்? உங்கள் டிரைவர் தூக்கத்தில் கேட்டாலும் இதற்கெல்லாம் பதில் சொல்வார். அவரை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அந்தப் பக்கத்தை வேறு யாராலும் எழுத முடியாது.

கீவேர்டை, அதாவது மக்கள் தேடும் சொல்லை, எல்லாப் பத்தியிலும் போடச் சொல்கிறார்கள். மெட்டா கீவேர்டும் கட்டாயமாம்.
*மயிலாடுதுறை வாசகர்*

வேண்டாம். மெட்டா கீவேர்டு என்பது வாசகர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலுக்குள் எழுதி வைக்கும் சொல் பட்டியல். அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. சொல்லைத் திணிப்பதை ஸ்பேம் என்றே அதன் விதிகள் சொல்கின்றன. அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறோம். தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?
*நாச்சியார்கோவில் வாசகி*

இரண்டிலும் எழுதுங்கள் அம்மா, ஆனால் தனித்தனிப் பக்கமாக. தமிழ் பேசுபவர்களிலேயே நிறையப் பேர் ‘குத்துவிளக்கு’ என்பதை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அதனால் ஆங்கிலப் பக்கத்தின் தலைப்பில் வெறும் ‘பித்தளை விளக்கு’ என்று மொழிபெயர்த்து நிறுத்திவிடாமல், அந்தப் பெயரையும் மக்கள் தட்டுகிறபடியே வையுங்கள்.

மொழியைவிட முக்கியம், என்ன எழுதுகிறீர்கள் என்பது. கல்யாணச் சீருக்கு விளக்கு வாங்குபவர் ‘3 அடி’ என்பார். ஒரு ஜோடி என்ன எடை, என்ன விலை என்பார். வெளியூருக்கு எடுத்துப் போகிறவர், அன்னம், தகழி, தண்டு, பாதம் என்று கழற்றி மாட்ட வருமா என்று கேட்பார். ஒரு வாரம் கடைப் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். கேட்பவர் வாயில் வந்த சொல்லிலேயே, மாற்றாமல் எழுதுங்கள். வாரம் முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தலைப்புகளை அதிலிருந்தே சேர்ந்து பிரிப்போம்.