முதலில் கேரியர், பிறகு பை
மியன்மார் வாசகர் கேள்வி – பதில்: சைக்கிள் பக்கம்

கேள்வி: அண்ணே, நான் தன்லினில் இருக்கிறேன். பகலில் மருந்துக்கடையில் கணக்கு வேலை, சாயங்காலம் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. நோட்டு, புத்தகம், குடை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் ஒரே ஷான் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறேன். தோள் வலிக்கிறதே என்று ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடை உண்டு. தையல்காரரிடம் சொல்லிப் பின்னால் தொங்குகிற பை தைத்துக்கொள்ளலாமா? ஒரு பக்கம் போதுமா, இரண்டு பக்கமும் வேண்டுமா?

பதில்: தங்கச்சி, ஹேண்டில்பாரில் பை தொங்கவிடுவதை இன்றோடு நிறுத்திவிடு. ஷான் பையின் பட்டை நீளம். ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் பை ஆடும். அதன் மூலை முன்சக்கரத்து ஸ்போக்கில் நுழைந்தால் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும், ஓட்டுகிறவர் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுவார். என் கடைக்கு இப்படி வளைந்த முன்சக்கரங்கள் வந்திருக்கின்றன. கூடவே வரும் பிள்ளைகளின் முகத்துக் காயத்தைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை.

தோளிலும் வேண்டாம். ஒரே தோளில் தொங்கும் சுமையைச் சமாளிக்க முதுகு கோணிக்கொண்டே இருக்கும், வலி வராமல் என்ன செய்யும்? சுமையைச் சைக்கிள் சுமக்கட்டும், அதுவும் முடிந்தவரை தாழ்வாக.

பை தைக்கக் கொடுப்பதற்கு முன் உன் பின் கேரியரைக் குனிந்து பார். எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் பொறித்திருக்கும். ஜப்பான் வண்டிகளில் 18 அல்லது 27 என்று பார்த்திருக்கிறேன். 18 கிலோ என்றால் நம் கடை வீசையில் 11. உன் சுமைக்கு அது தாராளம். கேரியரின் கால்கள் பின் ஆக்சில் பக்கத்தில் முடுக்கியிருக்கிற போல்ட்டுகளை ஆட்டிப் பார். ஆடினால் முதலில் அதைச் சரிசெய். ஆடுகிற கேரியரில் எவ்வளவு நல்ல பையை மாட்டினாலும் பயனில்லை.

தையல்காரரிடம் மூன்று விஷயத்தை அழுத்திச் சொல். சக்கரத்தைப் பார்க்கிற முதுகுப்பக்கத்துக்குள் மெல்லிய பிளைவுட்டோ கெட்டி பிளாஸ்டிக் தகடோ வைத்துத் தைக்க வேண்டும். வெறும் துணி, புத்தகப் பாரத்தில் உப்பி ஸ்போக்கில் உரசும். பெடலை நோக்கி இருக்கும் கீழ்மூலையைச் சாய்வாக வெட்டித் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் மிதிக்கிற ஒவ்வொரு சுற்றிலும் குதிகால் பையில் இடிக்கும். மாட்டியபின் நீ வழக்கமாகப் போடுகிற செருப்போடு பெடலைப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பார். குதிகாலுக்கும் பைக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். மூன்றாவதுதான் எல்லாரும் விட்டுவிடுவது: மேலே இரண்டு கொக்கி போதாது, கீழே ஒரு பட்டை கேரியரின் காலைச் சுற்றி இறுக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கீழ்ப்பிடி இல்லாத பை, குழியில் சக்கரம் இறங்கினால் கொக்கியோடு கழன்று எகிறும். பட்டையின் மிச்ச நுனியை உள்ளே செருகிவிடு.

உன் சாமானுக்கு ஒரு பையே போதும். அதை வலப்பக்கம் மாட்டு. தமிழ்நாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களைக் கேட்டால் இடப்பக்கம் என்பார்கள். அங்கே சாலையின் இடப்புறம் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு அதுதான் சரி. இங்கே 1970 முதல் வலப்புறம். நம்மை முந்துகிற வண்டி இடக்கைப் பக்கம் ஒட்டிப் போகிறது, அந்தப் பக்கம் எதுவும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. எடை ஐந்தாறு கிலோவைத் தாண்டினால் இரண்டு பையாகப் பிரித்துவிடு, கனமான புத்தகங்கள் அடியில் போகட்டும்.

கூடையையும் சும்மா விடாதே. அதன் அடியிலிருந்து முன் ஆக்சில் வரை இரண்டு கம்பி இறங்குகிறதா? இறங்கினால் குடையும் சாப்பாடும் அங்கே இருக்கலாம். கம்பி இல்லாமல் ஹேண்டிலில் மட்டும் மாட்டிய கூடை என்றால் கைக்குட்டை, தண்ணீர்ப் போத்தல், அவ்வளவுதான். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரைப் பை மறைக்கிறதா என்று யாரையாவது நின்று பார்க்கச் சொல். வகுப்பு முடிந்து நீ இருட்டில்தானே திரும்புகிறாய்.

கேள்வி: மோல்மேனில் கல்லூரியில் படிக்கிறேன். மழைக்காலத்தில் எந்தப் பையும் நனைகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மாமா ஜெர்மன் பை வாங்கி அனுப்பவா என்று கேட்கிறார். விலை அதிகம். தகுமா?

பதில்: தம்பி, ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிற ஊரில் இருந்துகொண்டு கேட்கிறாய். லேப்டாப்பும் நோட்டும் தினமும் போகிறதென்றால் தகும். காய்கறிக்கு மட்டும் என்றால் தகாது.

மாமா சொல்வது அநேகமாக ஆர்ட்லீப் பையாக இருக்கும். 1982இல் தொடங்கிய நிறுவனம். லாரி மேல் போடும் தார்ப்பாய்த் துணியில்தான் அவர்கள் முதலில் பை செய்தார்கள். அந்தத் துணி நம் ஊர் லாரியிலும் கிடக்கிறது. வித்தியாசம் இணைப்பில் இருக்கிறது. அவர்கள் துணியைச் சூட்டில் ஒட்டுகிறார்கள், ஊசி போவதே இல்லை. நம் தையல்காரர் போடுகிற ஒவ்வொரு ஊசித்துளையிலும் தண்ணீர் கசியும். அடுத்தது வாய். ஜிப் வைத்த வாய் மழையில் தோற்கும், மூன்று நான்கு சுற்றுச் சுருட்டிப் பக்கிள் போடுகிற வாய் தாங்கும். வாங்கினால் கொக்கிக்குள் போடும் சின்ன பிளாஸ்டிக் செருகுகளை உன் கேரியர்க் கம்பியின் தடிப்புக்குப் பொருத்தமாகப் போடு. தளர்ந்த கொக்கி கடகடவென்று ஆடி ஆடிக் கம்பியைத் தேய்த்துவிடும்.

வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தால் தார்ப்பாய்ப் பையைச் சுருட்டுவாயாகத் தைத்துக்கொள். உள்ளே கெட்டியான பாலிதீன் உறையைப் போட்டு, சாமானை வைத்து, உறையின் வாயை முறுக்கிக் கட்டு. பார்க்க அழகில்லை. ஆனால் நோட்டு நனையாது. கேன்வாஸ் பையும் மோசமில்லை, நெருக்கமாக நெய்த பருத்தி நனைந்ததும் நூல் உப்பித் தானாகவே அடைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் காரடைஸ் 1932 முதல் அதில்தான் பை செய்கிறது. நம் மாதிரி மாதக்கணக்கில் வெயில் தலைகாட்டாத ஊரில் அது பூசணம் பிடிக்கும், அதனால் உனக்குச் சொல்ல மாட்டேன். எந்தப் பையானாலும் வீட்டுக்குப் போனதும் வாயைத் திறந்து கவிழ்த்துவை.

கேள்வி: பகோவில் மளிகைக்கடை. அரிசி மூட்டையைக் கேரியரில் வைத்து வீடுகளுக்குக் கொடுக்கிறேன். வண்டி பின்பக்கம் வாலாட்டுகிறது. பெரிய பை போட்டால் நிற்குமா?

பதில்: ஐயா, நிற்காது. மூட்டை எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளி இருந்தால் முன்சக்கரம் இலேசாகிவிடும், அதனால்தான் ஆட்டம். சீட்டை ஒட்டி முன்னுக்குத் தள்ளி, பழைய டியூபை நீளவாக்கில் கீறிய பட்டையால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். சீட்டுக் கம்பியை மட்டும் பிடித்து நிற்கிற, கால் இல்லாத கேரியர் என்றால் அரிசிக்கு அது ஆகவே ஆகாது. கால் உள்ளதை வாங்கி, நைலான் வளையம் உள்ள லாக் நட்டுப் போட்டு முடுக்குங்கள். பின் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற அதிகபட்சக் காற்றளவுக்குக் கிட்டத்தட்ட அடியுங்கள். சுமையோடு போகும்போது பிரேக்கை வழக்கத்தைவிட முன்னாலேயே பிடிக்க வேண்டும்.

கேரியரில் பொறித்த எடையைத் தாண்டுகிற நாளில் சைக்கா, அதாவது நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷா, பிடித்துவிடுங்கள். அதில் பாரத்துக்கென்றே பக்கத்தில் தனிச் சக்கரம் இருக்கிறது. கேரியரின் கால் நடுவழியில் முறிந்து பின்சக்கரத்தில் விழுந்தால் உங்கள் இடுப்புக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஸ்போர்ட்ஸ் சைக்கிள் வாங்கினேன். கேரியர் மாட்ட ஓட்டையே இல்லை.

பதில்: ரப்பர் உறை போட்ட வளையக் கிளாம்பு கிடைக்கும், சட்டக் குழாயின் தடிப்பை அளந்து வாங்குங்கள். 5 மில்லிமீட்டர் போல்ட் போதும். செயின் பக்கத்துப் போல்ட் உள்ளே நீட்டிக்கொண்டு கடைசிப் பல்சக்கரத்தையோ செயினையோ தொடக் கூடாது. கார்பன் சட்டத்திலும் பின்னால் ஸ்பிரிங் வைத்த வண்டியிலும் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: யாங்கோனில் காலையில் அலுவலகங்களுக்கு இட்லி, வடை, சாம்பார் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் தம்பி. சாம்பார் வழியிலேயே பாதி சிந்திவிடுகிறது. இதற்கு என்ன பை நல்லது?

பதில்: அக்கா, சாம்பாருக்குப் பை வேண்டாம், பெட்டி வேண்டும். பழக்கடையில் மரப்பெட்டி வாங்கி, அடியில் இரண்டு மரச்சட்டம் கொடுத்துக் கேரியரோடு போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். பாத்திரங்களுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் பழைய லுங்கித் துணியை அடைத்துவிடுங்கள். பெரிய தூக்கில் பாதி சாம்பார் ஊற்றாதீர்கள். பாதி நிறைந்த பாத்திரத்தில்தான் குழம்பு அலை அடித்து மூடியைத் தள்ளும், வண்டியையும் ஆட்டும். அதே சாம்பாரைச் சின்னத் தூக்குகளில் கழுத்துவரை ஊற்றி, மூடிக்கடியில் வாழையிலைத் துண்டு வைத்து அழுத்துங்கள். சட்னி டப்பாக்கள் பக்கவாட்டுப் பையில் தாழ்வாகப் போகட்டும், வடையும் இட்லியும் இலேசு, பெட்டியின் மேல்தட்டில் வைக்கலாம்.

ஒற்றைக்கால் ஸ்டாண்டு உங்கள் வண்டிக்கு வேண்டாம். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஊன்றுகிற ஸ்டாண்டைப் போட்டபிறகு பெட்டியில் சாம்பாரை ஏற்றுங்கள், இறக்கும்போதும் ஸ்டாண்டு தரையில் ஊன்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே மூடியில் கை வையுங்கள்.