மன்னரைக் கூண்டில் ஏற்றுவது யார்?

அன்புள்ள ஐயா,

நான் சட்டக் கல்லூரி மாணவி. ஆளும் மன்னர் கொலையே செய்தாலும் அவர்மீது குற்றவழக்குத் தொடர முடியாது என்று வகுப்பில் சொன்னார்கள். மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைப் படித்து வளர்ந்த எனக்கு இது அநீதியாகப் படுகிறது. எல்லா நாடுகளிலும் இப்படித்தானா? மன்னர் பதவி விலகிவிட்டால் என்ன ஆகும்? அவருடைய குடும்பத்தாருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சில நாட்களாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வழக்கை உங்கள் கடிதம் மீண்டும் கிளறிவிட்டது. அதற்கு முன், சோழனைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுவோம். பசு மணியடித்தும் அவன் எழுந்து வராமல் இருந்திருந்தால், அவனை இழுத்து வர யார் இருந்தார்கள்? சட்டம் பயிலும் நீங்கள், ஒருவனுடைய மனச்சாட்சியைச் சட்டமென்று எண்ணிக்கொள்வது சரியில்லை. ஆனால் ‘அநீதியாகப் படுகிறது’ என்று எழுதினீர்களே, அந்த உறுத்தலைத் தேர்வுக்குப் பயந்து தொலைத்துவிடாதீர்கள்.

குடும்பத்தாரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தம் நாய் சிறுவர்களைக் கடித்ததற்காக 2002இல் பிரிட்டனின் இளவரசி ஆன் குற்றத்தை ஒப்புக்கொண்டு 500 பவுண்டு அபராதம் கட்டினார். பதவி விலகலுக்கு ஸ்பெயினைப் பாருங்கள்: 2014இல் முடிதுறந்த ஹுவான் கார்லோஸ் மீதான விசாரணைகளை அரசு வழக்குரைஞர்கள் 2022இல் முடித்துக்கொண்டபோது, அரியணையில் இருந்த காலத்துச் செயல்களுக்கு அரசமைப்பு தரும் விலக்கையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள்.

இனி அந்த வழக்கு. 1910இல் எட்வர்ட் மைலியஸ் என்பவர், பாரிஸில் அச்சான ஒரு சிறு பத்திரிகையில், அவ்வாண்டு அரியணை ஏறிய ஐந்தாம் ஜார்ஜ் 1890இல் மால்டாவில் ஒரு கடற்படைத் தளபதியின் மகளை இரகசியமாக மணந்தார் என்றும், ஆகவே அரசியுடன் பிறகு நடந்த திருமணம் இருதார மணம் என்றும் எழுதினார். அது பொய்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இருதார மணம் குற்றம் என்பதையும், அந்தக் குற்றத்துக்காக மன்னரை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்பதையும், அப்படிக் குற்றம்சாட்டியவரையோ அவதூறு செய்ததாகத் தாராளமாக விசாரிக்கலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மன்னர் குற்றம் செய்தாரா என்ற கேள்வி 1911 பிப்ரவரியில் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. கூண்டில் நின்றவர்தான் வேறொருவர்.

மன்னரைச் சாட்சியாக அழைக்க மைலியஸ் கேட்டார், மறுக்கப்பட்டது. மன்னர் நீதிமன்றத்தில் இருக்கிறாரா என்று விசாரணையின்போது அவர் கேட்டார். இல்லை என்று தலைமை நீதிபதி சொன்னார். தம்மீது குற்றம்சாட்டுபவரை நேருக்கு நேர் பார்க்கும் உரிமை தமக்கு உண்டென்ற அவருடைய வாதமும் எடுபடவில்லை. பன்னிரண்டு மாதச் சிறை. தீர்ப்புக்குப் பின் அரசுத் தலைமை வழக்குரைஞர் எழுந்து, தாம் அரசியைத் தவிர வேறு எவரையும் மணந்ததில்லை என்று மன்னர் அனுப்பிய அறிக்கையை வாசித்தார். சாட்சி சொல்ல வந்திருப்பேன், அது அரசமைப்புக்கு முரணென்று சட்ட ஆலோசகர்கள் தடுத்துவிட்டார்கள் என்றும் அதில் இருந்தது. சத்தியப் பிரமாணம் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை.

என்னை அரிப்பது இதுதான். மன்னரின் பெயராலேயே வழக்குத் தொடரப்படும் நாட்டில், அவரே அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்கிறார்கள். உங்கள் பாடநூலிலும் அதுதான் இருக்கும், அதில் ஒரு தர்க்கம் இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூண்டுக்கு வராத ஒருவர், தம் மானத்தைக் காக்க மட்டும் அதே நீதிமன்றத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதற்கு எந்தத் தர்க்கமும் இல்லை. விலக்கு வேண்டுமானால், பிறர்மீது வழக்குத் தொடுக்கும் வாயிலையும் சேர்த்தே அடைக்க வேண்டும்.

எல்லா நாடுகளிலும் இப்படித்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. மலேசியா 1993இல் அரசமைப்பைத் திருத்தி, சுல்தான்கள் முதலான பரம்பரை ஆட்சியாளர்களைத் தனிப்பட்ட செயல்களுக்காக விசாரிக்கச் சிறப்பு நீதிமன்றம் அமைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை முடியும்வரை ஆட்சிப் பணிகளைச் செய்யக்கூடாது. உடனே கைதட்டிவிடாதீர்கள். சட்டத்துறைத் தலைவரின் இசைவின்றி அங்கே வழக்கே தொடங்காது. ஐந்து நீதிபதிகளில் இருவரை நியமிப்பதும் அந்த ஆட்சியாளர்களின் மாநாடுதான்.